பூ விழுந்த பக்கம்

பஸ்ஸு வருமுங்க தம்பி. இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் வரும். இப்பிடி நெழலுக்கு வாங்க, வெயிலு மண்டையப் பொளக்குது. அந்தச் செல்போன் டவருல ஏறி வேலை பாத்தது நீங்கதானுங்களா? காலைல பாத்தனுங்க. பாத்த எனக்கே காலு கூசுச்சு. பயமா இல்லீங்களா? பழகிருச்சுங்களா? ஆமாங்க, எதுவும் பழகிருமுங்க.

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாங்களா?

கடைக்காரன் ஏதாச்சும் சொன்னானுங்களா எங்கூரைப் பத்தி? மறைக்காதீங்க, சொல்லியிருப்பான். முள்ளுப் போட்ட ஊருன்னு சொல்லியிருப்பான். இப்ப சுத்துப்பட்டுல அல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. எங்கூர்ல பொண்ணு எடுக்கறதுக்கே ரோசனை பண்றாங்களாமா. அதுக்குத்தான் சொல்றனுங்க, ரெண்டு பக்கமும் கேட்டுக்கோணும். நாங்க கெட்டவங்க இல்லீங்க. சாமிக்குக் கட்டுப்பட்டவங்க. எங்கூர் மாரியாத்தா உத்தரவு இல்லாம ஒரு கல்யாணம் நடக்காது, ஒரு போர்க் கெணறு போட மாட்டாங்க. எது நல்லது எது கெட்டதுன்னு நாங்களா முடிவு பண்றதே இல்லீங்க. அவ சொல்லுவா. நாங்க செய்வோம்.

எப்பிடிச் சொல்லுவாளா? பூவுலதானுங்க. ஆத்தா செலையோட ரெண்டு தோளுலயும் அரளிப் பூவை ஒட்ட வெச்சுட்டு ஊரே கைகட்டி நிக்கும். என்ன கேக்கோணுமோ அதைக் கேப்போம். வலது பக்கப் பூ மொதல்ல வுழுந்தா சரீன்னு அர்த்தம். எடது பக்கம் வுழுந்தா வேண்டாம்னு அர்த்தம். பூ வெக்கறது எங்கூட்டுக்காரருதான். ஆறுக்குட்டிப் பூசாரின்னா இந்தப் பக்கம் தெரியாத ஆளில்லீங்க.

இந்தத் தங்கநாயகி கதையத்தான் அல்லாரும் திரிச்சுத் திரிச்சுப் பேசறாங்க. அவ எனக்குப் பக்கத்து வூடு. பக்கத்து வூடுன்னா, ரெண்டு வூட்டுக்கும் ஒரே செவுரு. அந்தப் பக்கம் அவ தும்முனா இந்தப் பக்கம் நான் கேப்பேன். புருசன் போயிச் சேந்துட்டான், பையன் பொண்டாட்டியோட துபாயில. ரெண்டு மாடு வெச்சுட்டுப் பால் ஊத்திப் பொழைச்சா. எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப ஆஸ்பத்திரில என்கூடவே கெடந்தவ அவதான். என்ற மருமக வந்து எட்டிப் பாத்துட்டுப் போனா. இவதான் என்ற சீலையெல்லாம் அலசிப் போட்டா. அதையெல்லாம் நான் மறைக்கலீங்க. நல்லவதான். ஆனா வாய் அடங்காது. எதுக்கெடுத்தாலும் ஏன்னு கேப்பா.

போன வருசம் இதே பங்குனி. ஆத்தாளுக்குத் திருவிழா, நோம்பி சாட்டி, கோயில் முன்னாடி கம்பம் நட்டு, பொம்பளைங்க நாங்க தெனமும் கம்பத்துக்குத் தண்ணி ஊத்தீட்டு இருக்கறோம். அந்த நாள்ல எங்கூருக்குன்னு மொறை இருக்குதுங்க. வெளியூர் ஆளு உள்ள தங்கக் கூடாது. எண்ணெய் காய வெச்சுத் தாளிக்கக் கூடாது. புள்ளத்தாச்சிங்க இருந்தா முன்னாடியே சொந்தபந்தம் ஒறம்பர வூட்டுக்கு அனுப்பிருவோம். ஊருக்குள்ள தீட்டு ஆகக் கூடாது. சாவுத் தீட்டும் ஆகாது, பொறப்புத் தீட்டும் ஆகாது.

அன்னிக்குன்னு பாத்து மத்தியானம் ஒரு வடக்கத்திப் பையன் வர்றானுங்க. பேரு சுதாம். ஒரிசாவோ என்னமோ. அந்தாண்ட தேங்கா நார் மில்லு இருக்குதுங்களே, அங்க வேலை செய்யறவன். டிவிஎஸ் வண்டில பொண்டாட்டிய உக்கார வெச்சு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போறான், எங்கூருத் தெருவுல வரைக்குள்ள அவளுக்கு வலி முத்திருச்சு. வண்டிய வுட்டு எறங்கி ரோட்டுலயே உக்காந்துட்டா. சின்னப் பொண்ணுங்க. பல்லைக் கடிச்சுட்டு மண்ணைப் புடிச்சுட்டு இருக்கறா.

அவன் ஒவ்வொரு கதவாத் தட்டறான். என்ற வூடுதான் மொதல் வூடு. நான் வெளிய வந்து, "அக்கட்ட போ, அக்கட்ட போ, பெரிய ரோட்டுக்குப் போனா ஆம்புலன்ஸ் வரும்"னு சொன்னனுங்க. அவனுக்குப் புரிஞ்சுதோ என்னமோ, ரெண்டு கையையும் கூப்பீட்டே நின்னான். நான் மொரடா ஒண்ணும் பேசலீங்க. எதமாத்தான் சொன்னேன். கதவைக் கூட மெதுவாத்தான் சாத்துனேன்.

தங்கநாயகி மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளீட்டு இருந்தவ அதைப் போட்டுட்டு ஓடியாறா. அந்தப் பொண்ணைத் தோளுல தாங்கித் தூக்கறா. தூக்கீட்டு என்ற சன்னலைப் பாத்துக் கத்தறா.

"மயிலக்கா! வெந்தண்ணி போடுங்கக்கா!"

"அடியே, நோம்பி சாட்டியிருக்குதுடி!"

"நோம்பி ஆத்தாளுக்குத்தானக்கா? அவளும் பொம்பளதான? தெருவுல பெத்துக்கன்னு அவ சொல்லுவாளா?"

"சொல்லுவாளா மாட்டாளான்னு நீ எப்பிடிச் சொல்றது? பூ வெச்சுக் கேட்டாத்தான் தெரியும்."

"கேட்டுட்டு வர்ற வரைக்கும் கொழந்த உள்ளயே உக்காந்திருக்குமாக்கா?"

இப்பிடித்தானுங்க, ஒரு பேச்சுக்கு ஒம்பது பேச்சு. கூட்டீட்டு உள்ள போயிட்டா. சித்த நேரத்துல அழுகச் சத்தம் கேட்டுச்சு. பொட்டப்புள்ள. செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். அந்தச் சத்தம் கேட்டதும் என்ற மாருல... சரி வுடுங்க. அதெல்லாம் ஒடம்பு பண்றதுங்க. மனசு பண்றதில்ல.

சாயங்காலம் ஊரு கூடுச்சு. நோம்பியே நிக்கற மாதிரி ஆயிருச்சுங்களே! தர்மகர்த்தா கேட்டாரு, "ஆத்தா, இவளை ஊரை வுட்டு ஒதுக்கறதா?" வலது பக்கப் பூ பொத்துனு வுழுந்துச்சு. அடுத்த நோம்பி வரைக்கும் அவகூட யாரும் பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, தெருக் கொழாய்ல அவ கொடம் வெக்கக் கூடாது. அல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டோம்.

பூ வெக்கறதுல ஒரு பக்குவம் இருக்குதுங்க தம்பி. காம்புல ஈரஞ் சந்தனம் தொட்டு வெச்சா பூ ஒட்டிக்கும், சீக்கிரம் வுழாது. காஞ்ச பூவுன்னா மூச்சுக் காத்துக்கே வுழுந்துரும். எந்தப் பக்கத்துக்கு ஈரம், எந்தப் பக்கத்துக்குக் காஞ்சதுன்னு எங்கூட்டுக்காரரு கைக்கு அதுவாத் தெரியுமுங்க. முப்பது வருசமா வெக்கற கை. ஊருப் பெரியவங்க முன்னாடியே வந்து ஒரு வார்த்தை பேசீட்டுப் போவாங்க, இன்ன மாதிரி இன்ன மாதிரின்னு. அதைச் சாமிகிட்ட ஒப்பிச்சுட்டுத்தான் வெப்பாரு. அந்தக் கையை நடத்தறதே ஆத்தாதான். என்னங்க சிரிக்கறீங்க? சிரிக்கலீங்களா? வெயிலுக்கு அப்பிடித் தெரிஞ்சுதாட்டிருக்குது.

அவ சும்மா இருந்தாளா? இல்லீங்க. அடுத்த வெள்ளிக்கெழம கோயிலுக்கு வந்து நின்னா. அவ வூட்டுப் பின்னால பொடக்காளில பூத்த அரளிய அவளே பறிச்சு மடில கட்டீட்டு வந்திருக்கறா. "ஊரு கேட்டுச்சு. நானும் கேக்கோணும். சாமி பொதுதானே?" அப்பிடீங்கறா. வேண்டாம்னு யாரு சொல்றது? சாமி பொதுதானுங்களே. எங்கூட்டுக்காரரு ரெண்டு பூவையும் வாங்கி வெச்சாரு.

அவ அழுகலை. சத்தமாக் கேட்டா. "ஆத்தா, வலில துடிச்சவளைக் கூட்டியாந்து உள்ள படுக்க வெச்சேன். நான் செஞ்சது சரியா?"

கேட்டு முடிக்கலீங்க, வலது பக்கம் வுழுந்துருச்சு.

அல்லாரும் தர்மகர்த்தா மொகத்தைப் பாத்தோம். அப்பறம் தர்மகர்த்தாதான் சொன்னாரு, "காத்து அடிச்சுருச்சு. மறுக்கா வையுங்க"ன்னு. மறுக்கா வெச்சாரு. மறுக்காவும் வலதுதான். எங்கூட்டுக்காரருக்கு வேத்துக் கொட்டுது. தர்மகர்த்தா வுடலை. "அவ பறிச்சுட்டு வந்த பூவு. தீட்டுப் பூவு. கோயில் பூவுல வெக்கோணும்." சரின்னு கோயில் பூவு எடுத்து, சந்தனங் கொழைச்சு, நிதானமா வெச்சாரு. நேரம் ஆனது ஆச்சு, எடது வுழுந்துச்சு. அப்பத்தான் அல்லாருக்கும் மூச்சு வந்துச்சு. ஆத்தா எங்களைச் சோதிச்சுப் பாத்திருக்கறா. கடைசியா வுழுகறதுதான் உத்தரவு, முன்னாடி வுழுந்ததெல்லாம் சோதனைன்னு தர்மகர்த்தா எடுத்துச் சொன்னாரு.

தங்கநாயகி என்னைத் திரும்பிப் பாத்துச் சொன்னா. "எனக்கு மொதப் பூ போதுமக்கா." சொல்லீட்டு நடந்து போயிட்டா. நான் பதில் பேசலீங்க. பேசக் கூடாதுங்களே.

சித்திரை பொறந்து வெயிலு ஏற ஏற, ஊருக்குள்ள அம்மை வந்துச்சு. மொதல்ல தர்மகர்த்தா பேரனுக்கு. அப்பறம் வரிசையாக் கொழந்தைங்களுக்கு. தீட்டுனால வந்ததுன்னு சின்னக் கொழந்தைக்கும் தெரியும். மறுபடி பூ கேட்டாங்க. அவ வாசல்ல முள்ளு வெக்கறதா? வலது. அந்தக் காலத்துல எங்கயோ செஞ்சதாமா. வேலமுள்ளை வெட்டியாந்து முன்வாசல்லயும் பின்வாசல்லயும் ஆளு ஒசரத்துக்கு அடைச்சாங்க. எடுக்கறவன் குடும்பத்துக்கு அந்தப் பாவம் போயிச் சேரும்னு ஊர்க்கட்டு. நானும் ஒரு கை முள்ளு கொண்டு போயி வெச்சனுங்க. வூட்டுக்கு ஒரு ஆளு வெக்கோணும்னாங்க, எங்கூட்டுக்காரரு பூசாரிங்கறதுனால முள்ளைத் தொடக் கூடாது.

அப்ப உள்ள அவளுக்கும் அம்மை போட்டிருக்குது. அது எங்களுக்குத் தெரியாதுங்க. மறுநாள்தான் தெரிஞ்சுது.

எப்பிடித் தெரிஞ்சுதுங்களா? அதான் சொன்னனே, ஒரே செவுரு.

"மயிலக்கா, தண்ணிக்கா"ன்னு கூப்புட்டா. "ஒடம்பெல்லாம் எரியுதுக்கா. ஒரு சொம்பு குடுங்கக்கா, சன்னல்ல வெச்சாப் போதும்."

நான் ஒண்ணும் பண்ணலீங்க. நான் என்னங்க பண்றது? சாமி வாக்கு இருக்குதே. பகல் பூராக் கூப்புட்டா. அடுத்த நாளு கூப்படறதை நிறுத்தீட்டு, சொம்பை எடுத்துச் செவுத்துல தட்டுனா. டொக்கு, டொக்குனு. நான் டிவியச் சத்தமா வெச்சுக்கிட்டேன். காதுல கேட்டாத்தானுங்க பாவம்.

மாடு ரெண்டும் கத்துச்சு. வாயில்லா சீவனுங்க என்ன பண்ணுச்சுன்னு என்ற மனசு கேக்கலை. நானே கோயிலுக்குப் போயிச் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணி காட்டலாமான்னு பூ வெச்சாங்க, காட்டலாம்னு வுழுந்துச்சு. கொடத்துல மோந்துட்டுப் போயி அவ மாட்டுக்கொட்டாய்த் தொட்டில ஊத்துனனுங்க. சன்னல் கம்பியப் புடிச்சுட்டு அவ பாத்துட்டே இருந்தா. மொகம் பூரா முத்துப் போட்டிருந்துச்சு. நான் மாட்டுக்கு ஊத்தறேன், அவ பாக்கறா. கேக்கலை. ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்குமுங்க. ஏன்னு தெரியலை, அவ கேக்காம இருந்ததுதான் இன்னும்...

என்ற பையன் கோயமுத்தூர்ல கம்பெனில இருக்கறான். அவன் போன்ல என்னைய அந்தப் பேச்சுப் பேசறான். "நல்லது கெட்டதெல்லாம் சாமி சொன்னதில்லம்மா. அந்தந்த ஊரு தானாப் பண்ணி வெச்சுக்கிட்டது. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு." அப்பிடீங்கறான். நான் கேட்டேன், "ஏண்டா, சாமி சொல்லலைன்னா, அப்ப நானா பண்ணுனேன்?" அவன் போனை வெச்சுட்டான். நீங்களே சொல்லுங்க தம்பி. சாமி சொல்லலைன்னா எல்லாம் நானே பண்ணுனதா ஆயிருமுங்களே. அது எப்பிடிங்க முடியும்? நான் ஒரு கோழியக் கூட அறுக்க மாட்டேன்.

ம். அந்தப் பையன் வந்தானுங்க. சுதாம். மில்லுக்குத் தெனமும் பால் கொண்டு போயி ஊத்தறது அவதானாமா, நாலு நாளாப் பாலு வரலைன்னு பாக்க வந்திருக்கறான். பட்டப் பகலு. ஊரே தெருவுல நிக்குது. அவன் கைல கத்தி இல்ல, கம்பு இல்ல. முள்ளைப் பாத்தான். வெறுங்கையால புடிச்சு இழுத்தான்.

தர்மகர்த்தா சத்தம் போட்டாரு. "அடேய்! அது சாமி முள்ளு!"

அவன் திரும்பிக் கூடப் பாக்கலை. இழுத்துட்டே அவனுக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொன்னான். "சாமி இருக்கட்டும். அம்மா தண்ணி கேக்குது."

கையெல்லாம் ரத்தம். உள்ள போனான், அவளை முதுகுல தூக்கீட்டு வந்தான். தலை தொங்குது. செத்துட்டான்னுதான் நெனச்சோம். சாகலை. டவுன் ஆஸ்பத்திரில வெச்சுக் காப்பாத்திட்டாங்க. ஏன் யாரும் அவனைத் தடுக்கலைன்னு இன்னும் ஊருக்குள்ள பேச்சு. ஏன் தடுக்கலைன்னு எனக்கும் தெரியலீங்க.

போலீஸ் வந்துச்சு. யாரு முள்ளுப் போட்டதுன்னாங்க. ஊருன்னோம். ஊருன்னா யாருன்னாங்க. ஊருன்னா ஊருதானுங்களே! எழுதீட்டுப் போயிட்டாங்க.

அந்தப் பையன் எதை நம்பி முள்ளை எடுத்தான்னு நான் ரொம்ப நாளா ரோசிச்சனுங்க. அவன் ரூம்புல ஒரு சாமி படம் வெச்சிருக்கறானாமா. மில்லுக்குக் கூட்டப் போற பொம்பளை பாத்துட்டு வந்து சொன்னா. வட்ட வட்டமாப் பெரிய கண்ணு, கையே சரியா இல்லாத சாமி. அதுக்கு எப்பிடிங்க பூ வெச்சுக் கேப்பாங்க? கேக்கவே மாட்டாங்களாமா. சும்மா கும்புட்டுட்டு வேலைக்குப் போயிருவானாமா. கேக்காமயே ஒருத்தனுக்கு எது சரின்னு எப்பிடிங்க தெரியும்? அவனூர்ல அது சரியா இருக்கும், எங்கூர்ல தப்புன்னு வெச்சுக்கலாம்னா, தங்கநாயகி எங்கூர்க்காரிதானே? அவளுக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? ரோசிச்சா தலை வலிக்குது. அதனால ரோசிக்கறதில்ல.

அவ ஊருக்குத் திரும்பலீங்க. மாட்டை ஓட்டீட்டுப் போயி, அந்த மில்லு லைன் வூட்டுலயே அவங்களோட இருந்துக்கிட்டா. அந்தக் கொழந்தை இப்ப தத்தித் தத்தி நடக்குதாமா. இவளை 'ஆத்தா'ங்குதாமா.

சரி, அதோட வுட்டிருக்கலாம். இந்த வருசம் நோம்பி சாட்டி, மறுபடி ரெண்டு கொழந்தைக்கு அம்மை. காலைல, நீங்க டவருல தொங்கீட்டு இருந்தப்ப, கோயில்ல பூ கேட்டாங்க. தீட்டு எல்லையிலயே குடியிருக்குது, அதை அத்தோட முடிச்சுரலாமான்னு. வலது வுழுந்துச்சு. எங்கூட்டுக்காரரு வெச்சுட்டு வந்ததுல இருந்து சாப்படலை. கட்டல்ல செவுத்தைப் பாத்துப் படுத்திருக்கறாரு.

நோம்பிக்கு இன்னிக்குப் பந்தம் எடுக்கற நாளுங்க. பொழுது எறங்குனதும் ஆம்பளைங்க பந்தம் புடிச்சுட்டு எல்லையச் சுத்துவாங்க. இந்த வருசம் மில்லுப் பக்கமாச் சுத்தறாங்களாமா. சும்மா பயப்படுத்தத்தான்னாங்க. மில்லுக்கு லீவு வுட்டாச்சு, மொதலாளி ஊர்ல இல்ல. லைன் வூட்டுல அவங்க நாலு பேருதான். பூரா ஓலைக் கூரைங்க. சுத்தியும் மலையாட்டக் குமிஞ்சு கெடக்கறது காஞ்ச நாரு. இந்த வெயிலுக்கு அதுல ஒரு பொறி பட்டாப் போதும்.

ஊருக்குள்ள யாருகிட்டயும், மில்லுக்காரங்ககிட்டயும், போலீஸ்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டோம்னு அல்லாரும் சூடத்து மேல கை வெச்சோம். நானும் வெச்சேன். வெச்சாச்சு. மீற முடியாதுங்க. சாமி குத்தம்.

ஆனா டவருல வேலை பாக்க வந்த தம்பியப் பத்தி அதுல ஒண்ணும் சொல்லலீங்க.

அந்தா, ஹாரன் கேக்குது. வந்துருச்சு பாருங்க. இதை வுட்டா அடுத்த பஸ்ஸு பொழுதோடதான். ஏறறதுன்னா ஏறிக்கோங்க, உங்களுக்கும் வூட்டுல தேடுவாங்க. நான் இருன்னும் சொல்லலை, போன்னும் சொல்லலை.

மில்லுக்குங்களா? இந்தத் தடத்துலயே நேராப் போனா வாய்க்கால் பாலம் வரும். பாலம் தாண்டி எடது கைப் பக்கம் மண் ரோடு. வேகமா நடந்தாப் பொழுது எறங்கறதுக்குள்ள போயிரலாம்.

நீங்க கேட்டீங்க, நான் தடம் சொன்னேன். அவ்வளவுதானுங்க தம்பி. நீங்கதான் கேட்டீங்க.